வாயாடிக்கு நண்பகல் வரை

பன்னிரண்டு மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். மணி பதினொன்று நாற்பது.

தாளில் இருப்பது இவ்வளவுதான்: 'வாயாடி' என்ற மென்பொருளின் எல்லாப் பிரதிகளையும், என் வீட்டுக் கணினியில் இருப்பது உட்பட, அழித்துவிட்டேன், இனிமேல் அதைத் தொட மாட்டேன். போடாவிட்டால் வழக்கு. வழக்கு என்று வந்தால் இந்த வீடு போகும்.

வாயாடியை என் தம்பிக்காகத்தான் எழுதினேன். நரம்பு நோய் அவன் கை, கால், நாக்கு என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு கண்ணை மட்டும் விட்டுவைத்தது. திரையில் ஓர் எழுத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தால் வாயாடி அதைப் பிடித்துக்கொள்ளும். ஆள் பழகப் பழக, காத்திருக்கும் நேரத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். எழுத்துகள் சேர்ந்து சொல்லானதும் கணினி அதைப் பேசிவிடும்.

எழுதியதை நான் பூட்டி வைக்கவில்லை. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று பொதுவில் வைத்தேன். முகம் தெரியாதவர்கள் எல்லாம் வந்து திருத்திக் கொடுத்தார்கள். இன்று நாலாயிரம் வீடுகளில் அது பேசுகிறது.

வாயாடியைத் திருத்தும் எங்கள் கூட்டத்தில் ஊர், பேர் கேட்கும் வழக்கம் கிடையாது. எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். நான் 'வாயாடி அக்கா'. எங்களுக்காகக் காசு வாங்காமலே வாதாட வந்த வக்கீலுக்கும் என்னை அப்படித்தான் தெரியும்.

வழக்குப் போடுவோம் என்ற மின்னஞ்சலும் 'வாயாடி பொறுப்பாளர்' என்ற பெயருக்குத்தான் வந்தது. அனுப்பிய கம்பெனி உருப்படியாக ஒன்றையும் தயாரிப்பதில்லை. மூழ்கிப்போன கம்பெனிகளின் காப்புரிமைகளை மொத்தமாக வாங்கிப் போட்டுக்கொண்டு, ஊரெல்லாம் மிரட்டல் கடிதம் எழுதுவதே அவர்கள் பிழைப்பு. கூடவே, உற்றுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறையே தங்களுடையது என்று ஒரு காப்புரிமைப் பத்திரம், அதாவது பேட்டன்ட், இருபது பக்கம்.

அதைத் திறக்கவே கூடாது என்று வக்கீல் முதல் நாளே சொல்லிவிட்டார். படித்துவிட்டால் தெரிந்தே செய்ததாக ஆகிவிடுமாம். தண்டனை கூடுமாம். என் தலையில் விழப்போகும் கல்லை நான் பார்க்கக்கூடக் கூடாது. என்ன சட்டமோ, என்ன கண்றாவியோ!

ஒரு வாரமாக நான் திட்டாத திட்டு இல்லை. உற்றுப் பார்ப்பதைப் போய் ஒருவன் தன் சொத்து என்று பதிவு செய்வானா? அந்தப் புண்ணியவான் மட்டும் கையில் கிடைக்கட்டும், நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை.

திறந்திருந்த கதவு வழியாகத் தம்பியின் குரல் வந்தது. வாயாடியின் குரல்தான், ஆனால் நக்கல் முழுக்க அவனுடையது.

"என்னக்கா, வீடே கப்சிப்னு இருக்கு? யார் தலையை உருட்டப் போறே?"

"உன் தலையைத்தான்டா," என்றேன். அவனிடம் நான் இன்னும் எதையும் சொல்லவில்லை. சொன்னால், போட்டுத் தொலை, எனக்கும் வாய் வலிக்குது என்று ஜோக் அடிப்பான். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

அவன் திரை கண்மட்டத்துக்கு வரவேண்டும் என்று அடியில் ஒரு கண்ணாடிக் கேடயத்தைப் படுக்கப் போட்டிருக்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த கம்பெனியில் பாராட்டிக் கொடுத்தது. இதற்காவது உதவுகிறது.

பதினொன்று ஐம்பது. பேனா மூடியைத் திறந்தேன்.

போன் அடித்தது. வக்கீல்.

"கையெழுத்து போட்டுடலையே? கொஞ்சம் பொறுங்க. ஒரே ஒரு சந்து இருக்கு. இதைக் கண்டுபிடிச்ச ஆள், பதிவு பண்றதுக்கு ரொம்ப முன்னாடியே வெளியில எங்கயாவது பேசியிருந்தா, எழுதியிருந்தா, இந்த பேட்டன்ட்டே நிக்காது."

அப்பாடா! ஒரு வாரம் கழித்து முழு மூச்சு விட்டேன். கண்டுபிடித்தவன் எவனாவது வாயை மூடிக்கொண்டு இருப்பானா? ஏதாவது கூட்டத்தில் பேசியிருப்பான். ஒரு சிநேகிதனிடமாவது பீற்றியிருப்பான். எங்கள் ஆட்களிடம் பெயரைக் கொடுத்தால் போதும், சாயங்காலத்துக்குள் அவன் ஜாதகத்தையே தோண்டி எடுத்துவிடுவார்கள்.

பேனாவை மூடினேன். "ஆள் யாரு சார்?"

காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"பத்து வருஷத்துக்கு முன்னாடி பதிவு பண்ணியிருக்காங்க. கடைக்கு வர்றவங்க திரையில எந்தப் பொருளை உத்துப் பார்க்கறாங்களோ, அதோட விவரம் தானா திறக்கற மாதிரி. ஏதோ விளம்பரக் கம்பெனி, இப்ப இல்லை. கண்டுபிடிச்சது ஒரு அம்மா. பேரு..."

எழுத்துக்கூட்டி வாசித்தார். இனிஷியலோடு.

கையில் இருந்த பேனா தரையில் விழுந்து உருண்டது. நான் எடுக்கவில்லை.

"லைன்ல இருக்கீங்களா? அவங்களைப் பிடிச்சிட முடியுமா பாருங்க. யார்கிட்டயாவது சொல்லாமயா இருந்திருப்பாங்க?"

"யார்கிட்டயும் சொல்லலை சார்."

"அதெப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

பத்து வருஷத்துக்கு முன்னால், அந்த விளம்பரக் கம்பெனியில் என்னிடம் இருபது பக்கம் நீட்டினார்கள். வக்கீல் பாஷை, ஒரு வரிகூடப் புரியவில்லை, கடைத் திரைக்கு மட்டும்தான் என்று நினைத்து, படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். பதிவாகும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது என்றார்கள். வீட்டில்கூட நான் மூச்சு விடவில்லை. பதிவானதும் கேக் வெட்டி, கைதட்டி, வக்கீல் இப்போது வாசித்த அந்தப் பெயரைப் பொறித்து ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள்.

அதன் மேல் நிற்கும் திரையிலிருந்து தம்பி கேட்டான்:

"அக்கா, போன்ல யாரு?"