முறிகண்டியில் நிற்காத பஸ்

“எடேய், பஸ்ஸோ ஓட்டுறாய், பிளேனோ?”

பின் சீட்டிலிருந்து பயணி இராசமலர் போட்ட சத்தத்துக்குச் சாரதி திரும்பவில்லை. ஏ-9 வீதியில் அந்தத் தனியார் பஸ் பறந்துகொண்டிருந்தது.

“பாத்தீங்களே, பிரைவேட்காரன்ரை புத்தியை!” என்றார் முன் சீட்டில் இருந்த கனகலிங்கம்.

அரச பஸ் டிப்போ ஒன்றின் முகாமையாளர் அவர். தனியார் பஸ்ஸில் கால் வைப்பதில்லை என்பது அவருடைய கொள்கை. இன்று அவர் ஏறிவந்த சொந்த டிப்போ பஸ், மாங்குளம் தாண்டியதும் புகை கக்கிப் படுத்துவிட்டது. கொள்கையும் கூடவே படுத்துவிட்டது. பின்னால் வந்த இந்தப் பஸ்தான் நின்று, அத்தனை பேரையும், ஒரு கிழவரின் நாலு நெல்மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டது. அதில் இருபது நிமிடம் போனது.

“ஆளைக் கண்டா விடமாட்டாங்கள். பேராசை!” என்று அப்போது முணுமுணுத்தவர் கனகலிங்கம். ஏறி உட்கார்ந்ததும் மடியிலிருந்த கடித உறையைத் தடவிக்கொண்டு, சாரதியிடம் “தம்பி, ரெண்டு மணிக்கு முன்னம் கிளிநொச்சிக் கல்விக் கந்தோரில டென்டர் பெட்டிக்குள்ள இதைப் போடவேணும். கெதியா விடும்” என்றவரும் அவர்தான்.

“என்ன டென்டர் சார்?”

“பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்தி இறக்கிற ஒப்பந்தம். பதினைஞ்சு வருசமா எங்களிட்டத்தான். ஒருத்தரும் ஏனெண்டு கேட்டதில்லை. இப்ப என்னடாவெண்டா, தனியாரும் போட்டி போடலாமாம்.”

“எம்மகளும் உங்க பஸ்ஸுலதான் சார் ஸ்கூலுக்குப் போகுது” என்றார் சாரதி. “வர்ற நாள்ல.”

கடைசி இரண்டு சொற்கள் கனகலிங்கத்தின் காதில் விழவில்லை.

“இதில பகிடி என்னெண்டா, எங்களோட போட்டிக்கு நிக்கிறது ஒரேயொரு ஆள். சுடலைமுத்துவாம். ஒரு பஸ்ஸை வைச்சுக்கொண்டு அரசாங்கத்தோட மல்லுக்கு நிக்கிறார்! நான் பிந்தினா அந்தாளுக்குத்தான் வாய்க்கும்.”

“அப்படிங்களா சார்?”

சாரதி இன்னும் கொஞ்சம் மிதித்தார்.

முறிகண்டி வந்தது. எந்த வண்டியும் நின்று, பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் கடலை வாங்கிக்கொண்டு போகிற இடம். பஸ் நிற்கவில்லை. சாரதி ஒரு கையை மட்டும் தூக்கி நெற்றியில் தொட்டுக்கொண்டார்.

“பிள்ளையாருக்கே நிப்பாட்டாதவன் உருப்படுவானோ?” இராசமலருக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“இதுக்குத்தான் சொல்லுறன், பிள்ளையளை இவங்களை நம்பி விடக்கூடாதெண்டு” என்ற கனகலிங்கம், மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இன்னும் கொஞ்சம் மிதியும் தம்பி.”

கந்தோர் வாசலில் அவர் இறங்கியபோது 1.57.

“ஓடுங்க சார்!”

ஓடினார். நன்றி சொல்ல நேரமில்லை. உறை பெட்டிக்குள் விழுந்தது. சரியாக இரண்டு மணிக்கு எழுதுவினைஞர் நிசாந்தினி பெட்டியைப் பூட்டி முத்திரை வைத்தார்.

2.04க்கு ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். அதே சாரதி. சட்டைக்குள்ளிருந்து, வியர்வையில் நனைந்த ஓர் உறையை எடுத்து நீட்டினார்.

“வாசல்ல பஸ்ஸ நிறுத்தி வைக்க விடமாட்டாங்க. ஆளுகள, மூட்டைய எல்லாம் ஸ்டாண்டுல எறக்கிட்டு வர்றதுக்குள்ள…”

நிசாந்தினி உறையிலிருந்த பெயரை வாசித்தார். “சுடலைமுத்து… ஐயோ, நாலு நிமிசம் பிந்தீட்டீங்களே!”

பற்றுச்சீட்டுக்காக அங்கேயே நின்றிருந்த கனகலிங்கம் சட்டென்று திரும்பினார்.

“நீரோ அது? என்னை வழியிலயே விட்டிட்டு வந்திருக்கலாமே?”

“ரெண்டு பேரும் வந்து சேந்தாத்தானே சார் போட்டி?”

நிசாந்தினிக்கு மனம் கேட்கவில்லை. கனகலிங்கத்திடம் திரும்பினார். “ஐயா, உங்களுக்கு ஆட்சேபனை இல்லையெண்டு ஒரு சொல் சொன்னீங்களெண்டா, நான் பெரியவரிட்டக் கேட்டுப் பாக்கிறன்.”

கனகலிங்கம் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். சுடலைமுத்துவைப் பார்க்கவில்லை.

“சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதானே பிள்ளை.”

அடுத்த மாதம் பள்ளிக்கூட வாசலில் புது ஒப்பந்தத்தின் தொடக்க விழா. டிப்போ பஸ் வரப் பிந்தியதால் பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் வெயிலில் நின்றார்கள். ஒருவழியாக அது வந்ததும், கழுத்தில் மாலையோடு கனகலிங்கம் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“தனியாரோடு நேர்மையாகப் போட்டியிட்டு இந்த ஒப்பந்தத்தை வென்றிருக்கிறோம். அவர்களிடம் இல்லாத ஒன்று எங்களிடம் உண்டு. அதுதான் நேரம் தவறாமை!”