பதினேழாம் நம்பர்

“நாம என்ன கோழியா, பன்னியா? நம்பர் போட்டுக் கூப்பிடறதுக்கு?”

சுகாதார நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து லமாய் பொருமினாள். பாங்காக்குக்கு வடக்கே ஒரு சின்ன ஊர். அங்கே சந்தையில் வாழைப்பழம் சுட்டு விற்கிறவள். சந்தைக்குப் பழகிய குரல், ஹால் முழுக்கக் கேட்டது.

“பத்து வருஷமா பிரஷர் மாத்திரைக்கு வர்றேன். ‘திருமதி லமாய்’னு வாய் நிறையக் கூப்பிடுவா இந்த ரத்சனி. இந்த மாசம் பெரிய நர்ஸ் ஆயிட்டாளாம், நம்ம பேரு வாயில நுழையலை!”

“பதவி வந்தா அப்படித்தான்க்கா,” என்றார் மீன்கடை புன்மீ. “போய் நாலு வார்த்தை நல்லாக் கேளு.”

“பதினாறு!” கவுன்ட்டரிலிருந்து ரத்சனி கூப்பிட்டாள்.

“இதோ, பதினாறாம் நம்பர் கைதி வந்துட்டேன்!”

ஹாலே சிரித்தது. லமாய் அட்டகாசமாகப் போய் கவுன்ட்டர் முன் உட்கார்ந்தாள்.

“ஏன்டி ரத்சனி, பேரைச் சொல்லிக் கூப்பிட்டா உன் பல்லு உதிர்ந்துடுமா?”

“கையை நீட்டுங்கக்கா. கோபப்பட்டா பிரஷர் ஏறும்.”

“ஏறட்டும்! பதில் சொல்லு.”

ரத்சனி பிரஷர் பார்க்க லமாயின் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே, “பதினேழு!” என்றாள்.

இருமிக்கொண்டே ஒரு பெண் வந்தாள். நீளமான கூந்தல், பூப்போட்ட பாவாடை. அடையாள அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

“இந்த இருமல் எத்தனை நாளா?” ரத்சனி தணிந்த குரலில் கேட்டாள்.

“ஒரு மாசத்துக்கு மேல. போன தடவையே காட்டத்தான் வந்தேன்...” மேலே சொல்லாமல் நிறுத்திவிட்டாள்.

ரத்சனி அட்டையைத் திருப்பி எழுத ஆரம்பித்தாள். லமாயின் கண் தானாக அதன்மேல் போயிற்று.

‘திரு. தேச்சா.’

லமாய்க்குச் சுருக்கென்றது. போன மாசம் இதே ஹாலில் அந்த ஆண் பேரை உரக்கக் கூப்பிட்டபோது எழுந்து நின்றவள் இந்தப் பெண்தான். பெஞ்சு பெஞ்சாகச் சிரித்தார்கள். டாக்டரைப் பார்க்காமலே வெளியே ஓடிவிட்டாள்.

அன்றைக்கு முதலில் சிரித்தது லமாய்தான்.

“என்னக்கா, ஏதோ கேட்டீங்களே?” ரத்சனி நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒண்ணுமில்லம்மா. நீ வேலையைப் பாரு.”

மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பியவளை, “என்னக்கா, நல்லாக் கேட்டியா?” என்று மடக்கினார் புன்மீ.

“கேட்டேன், கேட்டேன். நம்பரை இன்னும் கொஞ்சம் சத்தமாக் கூப்பிடச் சொல்லிட்டு வர்றேன். உன் நம்பர் என்ன? காதைத் தீட்டி வெச்சுக்க!”