அன்றைக்கே சொன்னவர்

"இவரையா நம்ம ஸ்கூலுக்குக் கோச்சாப் போடப் போறோம்?" என்று ஆரம்பித்தார் வெண்டல் பிக்கெட்.

இண்டியானாவில் எங்கள் ஊர்ப் பள்ளிக் குழுக் கூட்டம். பாஸ்கெட்பால் கோச் வேலை என்பதால் அரங்கு நிரம்பி வழிந்தது. கணக்கு வாத்தியாரை நியமித்தபோது காலி நாற்காலிகள்தான் வந்திருந்தன.

'இவர்' என்றது ஆர்வில் டெகாட்டரை. நீண்ட கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில், அணிகள் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டில், நகரத்து அணி முதல் ஆளாக எடுத்தது இவரைத்தான். இரண்டாம் வருஷமே முழங்கால் போய்விட்டது. இவருக்கு அடுத்து வேறொரு அணிக்குப் போன ரெனார்ட் கைல்ஸோ கோப்பை கோப்பையாக வாங்கிக் குவித்தான்.

இப்போது ஆர்வில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். சாயங்காலங்களில் பிள்ளைகளுக்கு ஆடக் கற்றுக்கொடுக்கிறார். கோச் வேலைக்கு மூன்றாவது முறையாகக் கேட்டிருக்கிறார். முந்தைய இரண்டு முறையும் கெடுத்தது குழு உறுப்பினர் வெண்டல்தான்.

"டிராஃப்ட் அன்னைக்கு டிவி முன்னாடி நின்னு கத்தினேன், கைல்ஸை எடுங்கடான்னு. இவர் முழங்காலைப் பார்த்தாலே தெரியுது, தாங்காதுன்னு. கேட்டானுங்களா?"

பலர் தலையாட்டினார்கள். அன்றைக்குக் கைல்ஸ் பெயரைக் கத்தாத ஆளே எங்கள் ஊரில் கிடையாது. அத்தனை பேரும் நிஜமாகவே கத்தியிருந்தால் நகரத்துக்கே கேட்டிருக்கும்.

பள்ளி வேலைக்கும் டிராஃப்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார் தலைவி மார்ஜரி.

"தோத்த பேரு மேடம் அது. அந்தப் பேரோட நம்ம பசங்க எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாங்க?"

பொதுமக்கள் பேசும் நேரம் வந்தது. மைக்கை நோக்கி வந்தான் வெண்டலின் மகன் ஸ்கிப். இந்த வருஷம்தான் கல்லூரி முடித்தவன். சின்னப் பிள்ளையாக இந்த ஊருக்குக் குடிவந்த நாளிலிருந்து எல்லாருக்கும் அவன் ஸ்கிப்தான். மகன் தனக்காகப் பேச வந்திருக்கிறான் என்று வெண்டலுக்குப் பெருமை தாங்கவில்லை.

"நான் ஆர்வில் சாருக்காகப் பேச வந்திருக்கேன். எனக்கு ஆடக் கத்துக்கொடுத்தவர் அவர்தான்" என்றான் அவன்.

வெண்டலின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"முதல்ல முழுப்பேரைச் சொல்லுப்பா. பதிவுக்கு வேணும்" என்றார் மார்ஜரி. மைக் முன்னால் யார் வந்தாலும் அதுதான் விதி.

"அதெல்லாம் எதுக்கு மார்ஜரி? நம்ம ஸ்கிப்பை யாருக்குத் தெரியாது?" என்று அவசரமாகக் குறுக்கிட்டார் வெண்டல்.

விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்றுவிட்டார் தலைவி.

ஸ்கிப் ஒருமுறை அப்பாவைப் பார்த்தான். பிறகு மைக்கைப் பார்த்தான்.

"ஆர்வில் டெகாட்டர் பிக்கெட். டிராஃப்ட் நடந்து ரெண்டு நாள் கழிச்சுப் பிறந்தேன். அப்பா ஆசையா வெச்ச பேரு."

அரங்கில் எழுந்த சிரிப்பு அடங்கவே இல்லை. வெண்டல் குனிந்து மேஜைக்கடியில் எதையோ தேடினார்.

சிரிக்காதவர் பெரிய ஆர்வில் ஒருவர்தான். மார்ஜரி அதைக் கவனித்துவிட்டார். இது அவருக்கு ஏற்கெனவே தெரியுமா என்று கேட்டார்.

"தெரியும் மேடம். டிராஃப்ட் முடிஞ்ச வாரம், பிள்ளைங்களைப் பார்க்கன்னு அணிக்காரங்க என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்போ, குழந்தையைத் தூக்கி என் கையில குடுத்ததே அவர்தான்."

"அப்புறம் ஏன் இத்தனை வருஷமா வாயே திறக்கல?"

ஆர்வில் வெண்டலைப் பார்த்தார்.

"என்னை எடுத்தாங்கன்னு ஒருத்தராவது சந்தோஷத்துல அழுதாரு மேடம். அந்த ஒருத்தரைப் போயி எப்படிக் காட்டிக்கொடுக்கிறது?"