மூன்றாவது பெயர்

ஒரு விடுகதை. பூட்டு உண்டு, சாவித் துவாரம் கிடையாது. ஒரு முறை சாவியைக் காட்டிவிட்டால் போதும். அப்புறம் எப்போது வாசலுக்கு வந்தாலும், கேள்வி கேட்காமல் தானாகவே திறந்து உள்ளே விடும். அது என்ன?

வைஃபை.

பத்து வயதுக் கீர்த்தி இதற்கு யோசிக்கக்கூட மாட்டாள். வடக்கே சாங்வியில் அவர்கள் வீட்டுக்கு எந்தக் கருவி வந்தாலும் இணைப்புக் கொடுப்பது அவள்தான்.

அந்தச் சனிக்கிழமை புது டி.வி. வந்திருந்தது. மாட்ட வந்த பெரியவர் ரிமோட்டைப் பிடித்தபடி, "மேடம், பாஸ்வேர்ட்?" என்றார்.

யாருக்கும் நினைவில்லை.

"அப்பா போன்ல சேவ் ஆகியிருக்கும்மா. ஷேர்னு தொட்டா க்யூ.ஆர். கட்டம் வரும். கீழேயே பாஸ்வேர்டும் இருக்கும்."

"அப்பா குளிச்சிட்டிருக்காரு. நீயே எடு, கண்ணு" என்றாள் அம்மா வனஜா.

கீர்த்தி எடுத்தாள். பட்டியலில் மூன்று பெயர்கள். முதலாவது வீடு. இரண்டாவது அப்பாவின் ஆபீஸ். மூன்றாவதைப் படித்ததும் அதன்மேல் கட்டைவிரலை வைத்துவிட்டாள்.

"எதுக்குடி மறைக்கிற? விரலை எடு."

விரல் விலகியது.

ப்ரீத்தி.

ஒரு மாதமாகவே சனிக்கிழமைதோறும் அப்பா கோகுல்நாத்துக்கு ஆபீஸில் வேலை. திரும்பி வரும்போது சட்டையில் பவுடர் வாசனை. அந்த வீட்டில் யாரும் போடாத பவுடர். போன வாரம் அதற்காகவே சண்டை வந்து, வனஜா பெட்டியைக் கீழே இறக்கினாள். கீர்த்திக்குப் பரீட்சை என்பதால் மறுபடி மேலே ஏற்றினாள். பரீட்சை நேற்று முடிந்துவிட்டது. அது கீர்த்திக்கும் ஞாபகம் இருந்தது.

கோகுல்நாத் தலையைத் துவட்டியபடி வந்தான்.

"யாருங்க ப்ரீத்தி?"

அவன் போனைப் பார்த்தான். மகளைப் பார்த்தான். "அப்புறம் சொல்றேன், வனஜா. வெளியாள் இருக்காரு."

"அவருக்குத் தமிழ் தெரியாது. இப்பவே சொல்லுங்க."

"சாயங்காலம் வந்து..."

"சாயங்காலம் நானும் இவளும் கோயமுத்தூர் ரயில்ல இருப்போம்."

"மேடம், பாஸ்வேர்ட்?" என்றார் டி.வி.க்காரர்.

"அதைத்தான் பாக்கப் போறேன். அந்தப் ப்ரீத்தியோட பாஸ்வேர்டை. கீர்த்தி, ஷேரைத் தொடு."

"வேண்டாம்மா."

"தொடுன்னேன்!"

போன் பூட்டு எண்ணைக் கேட்டது. அப்பாவின் எண் கீர்த்தியின் பிறந்தநாள்தான். முதல் முறை தப்பாகிவிட்டது. இரண்டாவது முறை கறுப்பு வெள்ளைக் கட்டம் வந்தது. கீழே ஆங்கில எழுத்தில் ஒரே சொல்.

வனஜாக்கா.

வனஜா போனை வாங்கி அதை இரண்டு தடவை படித்தாள்.

உலகத்தில் அவளை அப்படிக் கூப்பிட்டவன் ஒருவன்தான். தம்பி கிட்டு. தாயில்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள் அவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளைக் கேட்காமல் ரீனாவைக் கல்யாணம் செய்துகொண்டான். "எனக்குத் தம்பியே இல்லை" என்றாள். அதற்குப் பிறகு அவன் எங்கே இருக்கிறான் என்றுகூட அவள் கேட்டதில்லை.

"இதே ஊர்ல, விஷ்ராந்த்வாடியிலதான் இருக்கான்" என்றான் கோகுல்நாத். "ப்ரீத்தி அவன் பொண்ணு. ஒன்றரை வயசாகுது. போன மாசம் கிட்டு வண்டியிலேர்ந்து விழுந்து காலை உடைச்சுக்கிட்டான். சனிக்கிழமை ரீனாவுக்கு ட்யூட்டி. குழந்தையைக் குளிப்பாட்ட ஆளில்லை."

"நீங்களா குளிப்பாட்டறீங்க?"

"குளிப்பாட்டிடுவேன். பவுடர் போடத்தான் வரலை. பாதி என் சட்டையிலதான் விழுது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னங்க?"

"அவன் பேரை எடுத்தா இந்த வீட்ல சோறு கிடையாதுன்னு சொன்னது யாரு?"

வனஜா போனை மகளிடம் நீட்டினாள்.

"அழிச்சிடு."

"வனஜா..."

"இல்லேன்னு சொன்னா இல்லைதான். கீர்த்தி, அப்பா போன்ல அந்தப் பேர் இருக்கக் கூடாது. அழி."

சமையலறைக்குள் போய்விட்டாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பாத்திரச் சத்தம் கேட்கவில்லை.

கோகுல்நாத் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். டி.வி.க்காரர் கீர்த்தியின் பக்கம் திரும்பி, இந்த முறை மெதுவாக, "பேட்டா, பாஸ்வேர்ட்?" என்றார்.

கீர்த்தி அம்மா சொன்னதைச் செய்தாள். அப்பாவின் போனிலிருந்து ப்ரீத்தியை அழித்தாள்.

டி.வி.க்கு வீட்டு பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்தாள்.

பிறகு அம்மாவின் போனை எடுத்தாள். புது நெட்வொர்க் சேர்க்கும் இடத்தைத் திறந்து, பெயர் ப்ரீத்தி, பாஸ்வேர்டு வனஜாக்கா என்று அடித்துச் சேமித்தாள்.