ஒற்றைக் கை

மின்கம்பத்தின் உச்சியில் நின்ற மாசிலாமணிக்கு, "கரண்ட நிப்பாட்டியாச்சு அண்ணாச்சி, கை வைங்க" என்று கீழிருந்து குரல் கொடுத்தவன் இருதயராஜ். சுவிட்சைப் போய்ப் பார்க்காமலே சொல்லிவிட்டான். மாசிலாமணியின் வலது கையைத் தோளோடு எடுக்க வேண்டியதாயிற்று. விசாரணையில் இருதயராஜ் எதையும் மறைக்கவில்லை; தண்டனையையும் ஏற்றுக்கொண்டான். அவர் முகத்தைப் பார்க்கும் தைரியம் மட்டும் ஆறு வருடமாக வரவில்லை. அவர் தெருவைத் தவிர்த்து ஊரைச் சுற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போவான்.

ஒரு கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனபோது, குழாயடியில் மாசிலாமணி நின்றிருந்தார். நழுவுவதற்குள் பார்த்துவிட்டார்.

"எலேய் இருதயம், எங்க ஓடுத?"

"அண்ணாச்சி, நாந்தான் உங்க கைய…"

"தெரியும்லே. கை போச்சேன்னு ஒரு வருசம் ஒன்ன வஞ்சேன். மிச்ச அஞ்சு வருசமும், ஒரு எட்டு வந்து பாக்கலையேன்னுதான் வஞ்சேன்."

நெய்யும் பாயசமும் ஒட்டியிருந்த இடது கையை அவன் முன்னால் நீட்டினார்.

"ஒத்தக் கை தன்னத்தானே கழுவிக்கிடாதுலே. சோப்பப் போடு."

இருதயராஜ் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வாங்கிக்கொண்டான். விரல் விரலாக, நக இடுக்குவரை தேய்த்தான். பின்னால் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

"போதும்லே, தோலு உரிஞ்சிரும்" என்று மாசிலாமணி சிரித்தார்.

"செத்த இருங்க அண்ணாச்சி" என்ற இருதயராஜ், குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டான்.