இருபத்தைந்து பக்கெற்

பேசாலைக் கருவாட்டுக் கொட்டிலில், தகர ஓட்டைவழி விழுகிற வெயில் நிவேதிகாவின் கல்குலேற்றரில் மினுங்குகிறது. மீள்குடியேறிய பெண்கள் அடைக்கிற பக்கெற்றுகளின் சராசரி நிறை ஐந்நூறு கிராம்தானா என்று சோதிக்கக் கொழும்பு முதலாளி அவளை அனுப்பியிருக்கிறார். குறைந்தால் ஓடர் போய்விடும். குலுக்கி எடுத்த இருபத்தைந்து பக்கெற்றையும் தராசில் வைக்கிறவள் றொஷேல். இருவரும் கம்பஸில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். றொஷேலின் படிப்பு இரண்டாம் வருடத்தில் இடம்பெயர்வோடு நின்றுபோனது. உப்பில் வெடித்த விரல்களைச் சட்டை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு, நிவேதிகாவின் பூச்சுப் பூசிய நகங்களையே பார்க்கிறாள். சராசரி நானூற்றுத் தொண்ணூற்றாறு, நியம விலகல் பத்து. பத்தை இருபத்தைந்தின் வர்க்கமூலமான ஐந்தால் பிரித்தால் நியம வழு இரண்டு; நாலு கிராம் குறைவு அதன் இரண்டு மடங்கு. நிவேதிகா பொத்தானை அழுத்துமுன்னே றொஷேல் மனதுக்குள் கணக்கை முடித்துவிடுகிறாள்.

"தற்செயலாக் குறையிற எல்லை ஒண்டு தசம் ஒன்பது ஆறு. இது இரண்டு. ஐந்நூறு எண்டு ஏற்க ஏலாது, அக்கா," என்கிறாள் நிவேதிகா, குழுத்தலைவி றஞ்சிதத்திடம்.

நிவேதிகாவுக்குக் கணக்குப் பிழைத்துவிட்டது. றொஷேலின் நாக்கில் அது இனிக்கிறது. கருவாட்டுத் தட்டில் ஈக்கள் இரைகின்றன. றஞ்சிதம் பக்கெற்றுகளைத் திரும்ப அடுக்கத் தொடங்குகிறாள்.

"அது பெரிய மாதிரிக்குரிய எல்லை, நிவே," என்கிறாள் றொஷேல் கடைசியில். "இருபத்தைந்துக்கு இரண்டு தசம் பூச்சியம் ஆறு. சிறு மாதிரி அட்டவணையைப் பாரும்."

நிவேதிகா தாளைப் புரட்டுகிறாள். காது சிவக்கிறது. "ஓம். இரண்டு எல்லைக்குள்ளதான். குறைவெண்டு சொல்ல இது போதாது, அக்கா. ஓடர் நிக்கும்."

கணக்கு விளங்காத றஞ்சிதம் நிவேதிகாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்கிறாள். "படிச்ச பிள்ளை வந்தபடியால் தப்பினம். றொஷேல், மிஸ்ஸுக்கு ஒரு தேத்தண்ணி ஊத்து."