பெல்ட்டில் பழுது

ஒரு மனுஷியின் பயத்தைப் படம் பிடிக்க வாடகை நாற்பதாயிரம். விருதுநகர் வத்தல் வியாபாரி தங்கப்பழம் அதையும் முப்பத்திரண்டுக்கு அடித்துப் பேசித்தான் பெல்ட்டை வாங்கிவந்தார்.

மனைவி மனோரஞ்சிதத்துக்கு, பயந்தால் பொங்கும் அட்ரினல் சுரப்பியில் கட்டி. அறுப்பதற்கு முன் சுரப்பி எதற்கெல்லாம் பொங்குகிறது என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். அறுவை மேசையில் பொங்கினால் உயிர் போய்விடும். ஆகவே கதிர்மருந்தை ஊசியில் ஏற்றி, இடுப்பில் பெல்ட்டைக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். பொங்கும்போதெல்லாம் அதில் சிவப்பு விளக்கு எரியும்.

மூன்றாம் நாளே மனைவியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் வந்து நின்றார். "பழுதான சரக்கத் தள்ளிவிட்டுட்டீகளேம்மா. நான் வாயத் தொறந்தாலே எரியுது. வாடகையில பாதியக் கழிங்க."

நர்ஸ் பெல்ட்டில் பதிவாகியிருந்த வீட்டுச் சத்தங்களைக் கேட்டுப் பார்த்தாள். "பழுதில்ல அண்ணாச்சி. இடி இடிச்சப்பகூட எரியல."

தங்கப்பழம் மனைவியைப் பார்த்தார். "முப்பத்தாறு வருசத்துல ஒரு வார்த்த சொல்லலியே?"

"கேட்டாத்தான சொல்றதுக்கு" என்றாள், பெல்ட்டைப் பார்த்தபடி.

அன்றிலிருந்து கடையிலேயே, வத்தல் மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டார். அறுவைக்கு முந்தின சாயங்காலம் மனசு கேட்கவில்லை. பேரம் பேசாமல் வாங்கிய ஒரு முழம் பிச்சிப்பூவோடு வீட்டுக்கு வந்தார். வாய் திறக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டார். அந்தச் சத்தம் உள்ளே கேட்டது.

பெல்ட்டின் கடைசி நாலு நாள் கணக்கு: பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், ஒன்று.